இடப்பக்கக் கைப்பிடி

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பட்டறையின் உடைமைக்காரர் இசக்கிமுத்து ஆசாரி, அவர் மனைவி மூக்கம்மாள், மகன் ராமர், மனு எழுதுவதற்காக எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்திருந்த காப்புரிமை முகவர் வெங்கிட்டு, மிளகு கொட்டிப் பார்க்க வந்த ஒச்சம்மாள், அழைக்காமல் வந்த மொய்து. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகப் பிற்பாடு மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் நிற்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பட்டறையின் நடுவில் புது மிளகு தூற்று மிஷின் நின்றது. சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. ஒச்சம்மாள் ஒரு கூடை மிளகை மேல்வாயில் கொட்டினாள். ராமர் இடக்கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தான்.

அந்தப் பட்டறையில் எந்த மிஷினுக்கும் முதல் சுற்று இடக்கையால்தான். பூவும் பொட்டும் வைத்துவிட்டு இடக்கையை நீட்டுகிறார்களே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளித்துக்கொள்ளட்டும் என்று இசக்கிமுத்து ஆசாரி விட்டுவிட்டார். அவர் தகப்பனார் பலவேசம் ஆசாரி இடக்கைக்காரர். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மண்ணெண்ணெய் டின்னையும் சைக்கிள் சங்கிலியையும் வைத்து முதல் தூற்று மிஷினை அவர் செய்தபோது, கைப்பிடியைத் தன் கைக்கு வாகாக இடப்பக்கம் வைத்தார். இசக்கிமுத்து ஆசாரி வலக்கைக்காரர்தான். ஆனாலும் அப்பா வைத்த இடத்திலிருந்து அதை அரை அங்குலம்கூட நகர்த்தியதில்லை. மட்டாஞ்சேரிச் சரக்குக் கிட்டங்கிகளில் மிளகு தூற்றும் ஆட்களைச் சட்டையில்லாமல் பார்த்தால் தெரியும். இடது தோள் கொஞ்சம் பருத்திருக்கும். அது பலவேசம் ஆசாரி வைத்துவிட்டுப் போன அடையாளம்.

ராமர் சுற்றினான். பழைய மிஷினுக்கு இரண்டு வாய். ஒன்றில் நல்ல மிளகு விழும். இன்னொன்றில் தூசும் காம்பும் உள்ளே திரளாத பொக்கு மிளகும் கலந்து விழும். பொக்கை எண்ணெய் எடுக்கிறவர்கள் கேட்டு வாங்குவார்கள் என்பதால் அந்தக் குப்பையைப் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பொறுக்கவேண்டும். ராமர் விசிறிக்குக் கீழே ஒரு சாய்ந்த தகட்டை வைத்துக் காற்றைத் திருப்பி, பொக்கு மட்டும் தனியாக விழ மூன்றாவது வாய் ஒன்று வைத்திருந்தான். இரண்டு வருஷ வேலை. தகட்டின் சாய்வு பிடிபடாமல் பதினெட்டுத் தகடு வெட்டிப்போட்டிருந்தான்.

ஒச்சம்மாள் மூன்றாவது வாயில் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். விரலால் நசுக்கினாள். முப்பது வருஷம் மிளகு பொறுக்கியவள்.

"அத்தனையும் பொக்கு. ஒரு நல்ல மணி இல்ல. எங்க வயித்துல அடிச்சிட்டியேப்பா ராமரு" என்றாள். அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட்டை யாரும் தரமுடியாது.

அப்போதுதான் வாசலில் நின்ற மொய்து வாயைத் திறந்தார். கார்னிஷ் துரையின் மிளகுக் கம்பெனிக் கிட்டங்கியில் முப்பத்தெட்டாம் வருஷம் சேர்ந்து, கம்பெனி மூடும்வரை மேற்பார்வை பார்த்தவர் அவர். கம்பெனி போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர் இன்னும் அதன் திண்ணிய சாவிக்கொத்து இடுப்பில் தொங்குகிற மாதிரியே நடப்பார்.

"கொள்ளாம், நல்லா இருக்கு! கம்பெனி மிஷினுக்கு ஒரு வாய் கூடுதல் வச்சாச்சு. மூணு வாய்! நம்ம ஒச்சம்மாளுக்கு ஒரு வாய்தான், அதையே கிட்டங்கி தாங்கல."

"ஒரு வாய்னாலும் சொந்த வாய், சாயபு" என்றாள் ஒச்சம்மாள்.

இசக்கிமுத்து ஆசாரி திரும்பவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார்.

"எந்தக் கம்பெனி மிஷின்?"

"எந்தா ஆசாரியே, அறியாத மாதிரி! கார்னிஷ் மிஷின். உங்க அப்பா அங்க கூலிக்கு நின்ன ஆளல்லே? துரையோட சாமானைப் பார்த்துப் பழகின கை. அதிலென்ன குறைச்சல்? துரைக்குச் சீமைப் பேப்பரே இருந்தது. கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டியிருந்தாரு."

இந்தப் பேச்சு புதிதல்ல. இதைக் கேட்டுக் கேட்டே இசக்கிமுத்து ஆசாரிக்கு அறுபத்துநாலு வயதாகியிருந்தது. சாயாக் கடையில், படகுத்துறையில், கல்யாணப் பந்தியில், எங்கேயாவது ஒருத்தன் சொல்வான்: ஆசாரி வீட்டு மிஷின் துரையைப் பார்த்து அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காதுமடல் சுடும். அதற்காகத்தான் ராமர் காப்புரிமை என்று பேச்செடுத்ததும் அவர் ஒப்புக்கொண்டது. அரசாங்க முத்திரை வைத்த காகிதம் ஒன்று வந்து, அதன் எண்ணைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மிஷினில் அடித்துவிட்டால் ஊர் வாய் மூடும்.

"சாயபு, இருந்து கேட்டுட்டுப் போம்" என்றார். "வெங்கிட்டு சாமி வந்திருக்கிறது இதுக்குத்தான். பேடன்ட். சர்க்கார் சொல்லப்போறான், இது யார் மிஷின்னு. சாமி, சொல்லும்."

வெங்கிட்டு பாலக்காட்டுக்காரர், மெலிந்த ஆள், யார் வீட்டில் எந்த நேரத்தில் எதைச் சொல்லக்கூடாதோ அதை அந்த நேரத்தில் சொல்லிவிடுகிற நேர்மை அவரிடம் உண்டு.

"பேஷா மனு போடலாம், ஆசாரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு தேடிப் பார்த்துடணும்."

"என்ன தேடணும்?"

"இதே மாதிரி முன்னாடி யாராவது காப்புரிமை வாங்கியிருக்காளான்னுதான். மெட்ராஸ் ஆபீஸ்ல பழைய பத்திரமெல்லாம் புஸ்தகமா கட்டி வச்சிருக்கா. போய்ப் பார்க்கணும். நாம தேடாம மனு போட்டா, அவா தேடுவா. அவா தேடிக் கண்டுபிடிச்சா நமக்கன்னா மானக்கேடு?"

மொய்து சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அதுதான் சரி. தேடணும். தேடினா கிடைக்கும்."

இசக்கிமுத்து ஆசாரி கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்தார். "என் வீட்டுச் சாமானை ஊரான் புஸ்தகத்துல போய்த் தேடணுமா? இவ என் பெண்டாட்டிதானான்னு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல தேடிட்டு வரச் சொல்லுவீரோ?"

"தேடினா என்ன?" என்றாள் மூக்கம்மாள். "நமக்குக் கோயில்ல நடந்த கல்யாணம். அங்க என்னைக் கண்டுபிடிக்க முடியாது."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஆசாரி மொய்துவை நேராகப் பார்த்தார்.

"நானே மெட்ராஸுக்குப் போறேன். என் கண்ணால புஸ்தகத்தைப் பார்க்கிறேன். ஒண்ணும் இல்லைன்னு இந்த வாசல்ல எழுதிப் போடறேன். அதுக்குப் பிறகு எவனாவது கம்பெனி மிஷின்னு சொன்னா, அவன் நாக்கை இந்த விசிறிக்குள்ள விட்டுச் சுத்துவேன்."

அவர் அவ்வளவு நிச்சயமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. பட்டறைச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. வட்ட முகம், தேக்குச் சட்டம், எட்டு நாளைக்கு ஒரு முறை சாவி கொடுக்கவேண்டும். அதைக் கொடுத்தவர் கார்னிஷ் துரையே. முப்பத்துமூன்றாம் வருஷம், கிட்டங்கியில் மராமத்து வேலைக்கு இருந்த பலவேசம் ஆசாரி தன் மிஷினைச் செய்து ஓடவிட்டதும் துரை வந்து பார்த்து முதுகில் தட்டினாராம். பிறகு படம் போடுகிற ஆள் ஒருவனை வரவழைத்து, இரண்டு நாள் மிஷினை முன்னால் வைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி அளந்து படம் எழுதச் சொன்னாராம். பலவேசம் ஆசாரியே ஒவ்வொன்றையும் கழற்றிக் காட்டினார். வேலை முடிந்ததும் கடிகாரம். 'துரை என் மிஷினைப் படம் போட்டு வச்சிக்கிட்டாரு' என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கடிகாரத்தைக் காட்டி, பிறகுதான் காப்பி கொடுப்பார்கள். துரையே மெச்சிப் படம் எழுதிய மிஷின். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த வாரம் தகப்பனும் மகனும் ரயிலேறினார்கள்.

மெட்ராஸ் அலுவலகத்தின் வாசிப்பறையில் ஒரு பேரேட்டில் பெயரும் வந்த காரியமும் எழுதச் சொன்னார்கள். "என்ன எழுதட்டும் அப்பா?" என்று ராமர் கேட்டான். "ஒண்ணும் இல்லைன்னு பார்த்துட்டுப் போக வந்தோம்னு எழுது" என்றார். ராமர் வேறு ஏதோ எழுதினான்.

முதல் நாள் ராமர் அட்டவணைகளைப் புரட்டினான். மிளகு என்ற தலைப்பில் சிலது இருந்தன. தோல் நீக்குவது, வேகவைப்பது, மூட்டை தைப்பது. தூற்றுவது இல்லை. மாலையில் ஆசாரி எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுதா? வா. சாயபு முகத்தை நாளைக்கே பார்க்கணும்."

"இன்னும் இருக்குப்பா. பேர்ல மிளகுன்னு இருக்கணும்னு அவசியம் இல்லையாம். தானியம், விதை, சலிக்கிறது, பிரிக்கிறது, எல்லாத் தலைப்பும் பார்க்கச் சொல்லி வெங்கிட்டு சாமி எழுதிக் கொடுத்திருக்காரு."

"அந்த ஆளுக்கு என் மேல என்னல விரோதம்?"

ஆனாலும் மறுநாள் வந்தார். தேடாமல் விட்டேன் என்ற பேச்சும் பிறகு வரக்கூடாதே. மகன் தலைப்புகளை வாசித்துத் தள்ளிக்கொண்டிருக்க, எதிரே கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருவது அவருக்கு அவமானமாக இருந்தது. ராமர் பார்த்து ஒதுக்கிய தொகுப்புகளில் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பத்திரத்தின் கடைசியிலும் படம் இருந்தது. படம் வாசிக்க அவருக்கு யார் தயவும் வேண்டாம். கரும்பு பிழிகிறது, நெல் குத்துகிறது, தேயிலை உருட்டுகிறது. ஒவ்வொன்றிலும் பல் எங்கே கடிக்கும், தாங்கி எங்கே தேயும் என்று பார்த்து, இரண்டு மூன்றைப் பார்த்து உதடு பிதுக்கினார். இதெல்லாம் ஓடாது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது.

மேல்வாய் ஒரு மண்ணெண்ணெய் டின். டின் என்று எழுதியிருந்ததோ என்னவோ. அந்த அகலமும் உயரமும், விளிம்பில் தகட்டை மடித்த மடிப்பும்கூடக் கோடு கோடாக அப்படியே இருந்தன. விசிறிப் பெட்டிக்கு ஆறு இலை. அப்பா ஆறு வைத்ததற்குக் காரணம், அன்றைக்கு ஏழாவது இலைக்குத் தகடு போதவில்லை. சங்கிலி. பல்சக்கரம். இடப்பக்கத்தில் கைப்பிடி.

"ராமரு."

மகன் நிமிர்ந்தான். அப்பா அந்தக் குரலில் அவனைக் கூப்பிட்டதில்லை.

"இதை வாசி."

ராமர் பக்கத்தைத் திருப்பித் தலைப்பைப் பார்த்தான். காலையில் அவன் பார்த்துத் தள்ளியதுதான். மெதுவாகத் தமிழில் சொன்னான். "சிறுமணி விளைபொருள்களைப் பிரிக்கும் கருவிகளில் மேம்பாடுகள். முப்பத்துநாலாம் வருஷம். விண்ணப்பம் கொடுத்தவர்..." நிறுத்தினான்.

"சொல்லு."

"கார்னிஷ். வணிகர். கொச்சி. இந்தக் கருவியை உண்மையாகவும் முதலாகவும் கண்டுபிடித்தவர் தாமே என்று உறுதி சொல்லியிருக்காருப்பா."

"கைப்பிடியைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

ராமர் தேடி வாசித்தான். "கருவியை இயக்குபவரின் வலக்கை தானியத்தை வார்க்க ஓய்வாக இருக்கும்பொருட்டு, கைப்பிடி இடப்பக்கம் அமைக்கப்பட்டுள்ளது."

"ஒரு மூட்டை மிளகை ஒத்தக் கையால எந்தப் பயல் வார்ப்பான்?" இசக்கிமுத்து ஆசாரியின் குரல் அறை முழுக்க அடித்தது. "கொட்டறது ஒருத்தன், சுத்தறது ஒருத்தன். தெரியுமால அவனுக்கு? ஏன் இடப்பக்கம் இருக்குன்னே தெரியாம எழுதியிருக்கான்! கேட்டிருந்தா அப்பா சொல்லியிருப்பாரே! கேக்கக்கூட இல்லையே!"

"பெரியவரே, படிக்கிற எடம். சத்தம் போடாதீங்க" என்றார் மேசைக்காரர்.

"களவு போன வீட்டுக்காரன் சத்தம் போடாம என்னய்யா செய்வான்?"

நகல் வாங்கிக்கொண்டு அன்று இரவே வண்டி ஏறினார்கள். எர்ணாகுளம் வரும்வரை, துரை படம் போட்டார், துரை படம் போட்டார் என்று அப்பா சொன்னது மட்டும் தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே வந்தது. நாற்பத்தைந்து வருஷம் அந்த வீடு பெருமை என்று சொல்லிக் காட்டியது, திருடன் விட்டுப்போன செருப்பை.

ஸ்டேஷனிலிருந்து நேராக வெங்கிட்டுவின் அறைக்குப் போனார்கள். வெங்கிட்டு நகலை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோட காலம் அம்பதாம் வருஷமே முடிஞ்சு போச்சு. அதனால பழைய மிஷினை யார் வேணும்னாலும் செய்யலாம். உங்களை யாரும் கேக்க முடியாது. ஆனா அது புதுசுன்னு இனிமே யாரும் மனு போடவும் முடியாது. ராமரோட மூணாவது வாய் இருக்கே, அது வேற. அது இதுல இல்லை. அதை மட்டும் கேட்டு மனு போடலாம். நிச்சயம் கிடைக்கும்."

"போடும்" என்றார் ஆசாரி.

"போடறேன். ஆனா பத்திரத்தோட முதல் பக்கத்துல, இதுக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னு சொல்லியாகணும். கார்னிஷ் கண்டுபிடிச்ச இன்ன எண்ணுள்ள மிஷின்ல, இன்ன மேம்பாடுன்னு எழுதணும். மறைச்சா அவா தேடிக் கண்டுபிடிச்சு மொத்தத்தையும் தள்ளிடுவா."

இசக்கிமுத்து ஆசாரி குடையை ஊன்றி எழுந்தார்.

"என் மகன் கையால, என் அப்பன் செஞ்சதைக் கார்னிஷ் செஞ்சான்னு எழுதணும். அப்படித்தானே? அந்தக் காகிதமே வேண்டாம்."

"ஆசாரி, ஒக்காருங்கோ. உங்க அப்பாதான் செஞ்சார்ங்கறதுக்கு ஒரு துண்டுக் காகிதம் உண்டா?"

"கைப்பிடி இருக்குல்லா!"

"அது உங்களுக்குச் சாட்சி. சர்க்காருக்கு இல்லை."

"அப்போ சர்க்காருக்குச் சொல்லும், நாங்க ஒண்ணும் கேக்கலைன்னு."

அதுவரை சுவரோரம் நின்ற ராமர் முன்னால் வந்தான். அப்பாவிடம் எதிர்த்துப் பேசி அறியாதவன்.

"அப்பா, தாத்தா மிஷினுக்குக் கார்னிஷ் தன் பேரைப் போட்டுக்கிட்டான். என் மிஷினுக்கு என் பேரே வேண்டாம்னு நீங்க சொல்றீங்க. ரெண்டுக்கும் எந்தா வித்தியாசம்?"

"என்னல சொன்ன?"

"பதினெட்டுத் தகடு வெட்டினது நான். நாளைக்குக் கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் வந்து பார்த்து, மூணாவது வாய் வச்சு அவன் பேர்ல மனு போடுவான். அப்ப என் மகன் மெட்ராஸுக்குப் போய்ப் புஸ்தகத்துல பார்த்துட்டு வந்து அழணும். அப்படித்தானே?"

ஆசாரி அவனை அடிக்கவில்லை. அடித்ததாகச் சொல்வார்கள், அடிக்கவில்லை. படியிறங்கிப் படகுத்துறைக்குப் போனார். ஒரே படகில் இருவரும் வந்தார்கள். அவர் முன்பக்கம், மகன் பின்பக்கம். வெலிங்டன் தீவைக் கடந்து மட்டாஞ்சேரித் துறை வரும்வரை இரண்டு பேரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த நாள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவேண்டிய நாள். ஆசாரி சாவியைத் தொடவில்லை. இரண்டு நாளில் அது நின்றது.

"மணி தெரியாம எப்ப உலை வைக்க?" என்றாள் மூக்கம்மாள்.

"பசிச்சா வை."

"பசி எனக்கு வருது. உங்க ரெண்டு பேருக்கும்தான் வரல." அவள் பாத்திரத்தைச் சத்தம் வர வைத்தாள். "அந்தப் பயல் சொன்னதுல என்ன தப்பு? ஒரு தடவை ஒருத்தன் ஏமாந்துட்டான்னு வீட்டுல பிறந்தவன் எல்லாம் ஏமாறணும்னு சட்டமா? துரை ஒரு கடிகாரமாவது கொடுத்தான். நீங்க இவனுக்கு என்ன கொடுக்கப்போறீங்க?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுத் தண்ணீர் குடித்திருக்கமாட்டார். அவள் சொன்னது சுருக்கென்று உள்ளே போய் நின்றது. கோபம் குறையவில்லை. ஆனால் அதுவரை ஊரைப் பார்த்து நின்ற கோபம் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. மகன் சொன்னபோதே அது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் படியிறங்கினார்.

மறுநாள் காலை, கடைத்தெரு நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து, ஸ்டூல் போட்டுக் கடிகாரத்தைக் கழற்றினார். சுவரில் வெளுத்த வட்டம் ஒன்று நின்றது. கடிகாரத்தைத் துணியில் சுற்றாமல், முகம் எல்லாருக்கும் தெரிய, கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். "எங்க ஆசாரியே, ரிப்பேருக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். அவர் நடையை நிறுத்தவில்லை.

மொய்து வீட்டு முன்னறையில் அதை மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கம்பெனிச் சாமான். கம்பெனி இல்ல, நீர்தான் இருக்கீர். எடுத்துக்கிடும்."

மொய்து திகைத்துப்போனார். அவர் மனைவி லதீஃபா சாயா கொண்டுவந்து வைத்தாள். ஆசாரி தொடவில்லை.

"சாயபு, இருபத்தொம்பது வருஷம் அந்த வாசல்ல நின்னீர். துரை எந்தக் கையால கையெழுத்துப் போடுவாரு?"

"எந்தா இப்ப?"

"கேட்டதுக்குச் சொல்லும்."

"வலது கை."

"துப்பாக்கி பிடிக்கிறது?"

"அதும் வலதுதான். பந்து அடிக்கிறதும் வலது. எதுக்கு இது?"

ஆசாரி நகலை எடுத்துப் படத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்தச் சீமைப் பேப்பர் இதுதான். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கு, பாரும்."

மொய்து பார்த்தார். அந்த மிஷினோடு வாழ்ந்தவர். அவருக்கும் படம் புரியும். அவர் இடக்கை, அறியாமலே, காற்றில் ஒரு தடவை சுற்றியது. பிறகு மடியில் விழுந்தது.

"ஞான் முப்பத்தெட்டிலதான் சேர்ந்தேன், ஆசாரியே. அதுக்கு முந்தி நடந்தது எனக்கு அறியாது."

"நாப்பது வருஷமா அறிஞ்ச மாதிரிதானே பேசினீர்?"

ஆசாரி நகலை மடித்து எடுத்துக்கொண்டார்.

"கடைத்தெருவுல போய்ச் சொல்லும்."

"என்ன சொல்ல?"

"இப்ப பார்த்ததை."

அவர் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே துறைக்குப் போய்ப் படகேறினார். வெங்கிட்டு அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஆசாரி உட்காராமலே சொன்னார்.

"எழுதும். ஆனா கார்னிஷ் கண்டுபிடிச்சான்னு எழுதக்கூடாது. கார்னிஷ் பேடன்ட் வாங்கினான்னு எழுதும். வாங்கினது நிஜம். நிஜத்தை எழுத எனக்கு ஆட்சேபணை இல்ல."

வெங்கிட்டு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "அப்படி எழுதலாம். அதுல ஒரு தோஷமும் இல்லை."

"படத்துல கைப்பிடி இடப்பக்கம் இருக்கணும். அதுக்குக் கீழ ஒரு வரி. இந்தக் கைப்பிடி இடப்பக்கம் இருப்பது, மட்டாஞ்சேரி பலவேசம் ஆசாரி இடக்கைக்காரர் என்பதால்."

"ஆசாரி, இது சட்டத்துக்கு வேண்டாத வரி."

"எனக்கு வேண்டிய வரி."

"அங்க அந்த வரியை அடிச்சுட்டா?"

"அடிக்கட்டும். அடிச்சவன் பேரைக் கேட்டு வச்சுக்கும். இன்னொரு தடவை ரயிலேற எனக்குத் தெம்பு இருக்கு."

வெங்கிட்டு எழுதினார். பேனாவை நிறுத்தி, "கண்டுபிடிச்சவா இடத்துல உங்க பேரையும் சேர்க்கட்டுமா? பட்டறை உங்களோடதுதானே?" என்று கேட்டார்.

"மூணாவது வாய் அவன் வச்சது. அதுல என் பேரு எதுக்கு? நான் என்ன கார்னிஷா?" என்றார் ஆசாரி. "ராமர், இசக்கிமுத்து ஆசாரி மகன். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து மகனிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "எர்ணாகுளத்துல உன்னைக் கையெழுத்துப் போட வரச் சொல்றாங்க" என்று மூக்கம்மாள் வழியாகத்தான் சொல்லியனுப்பினார். ராமர் போய்ப் போட்டுவிட்டு வந்தான். அன்று இரண்டு பேருக்கும் பசித்தது.

மெட்ராஸில் அந்த வரியை யாரும் அடிக்கவில்லை. அடிக்கிற அளவுக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை போலும். எண்பத்தொன்றாம் வருஷம் காப்புரிமை வந்தது. பித்தளைத் தகட்டில் எண்ணைப் பொறித்து அடித்த முதல் மிஷினுக்கு ராமர் இடக்கையால் முதல் சுற்றுச் சுற்றினான். சுவரில் வெளுத்த வட்டம் அப்படியே இருந்தது. அங்கே எதையும் மாட்ட ஆசாரி சம்மதிக்கவில்லை; சுண்ணாம்பு அடிக்கவும் விடவில்லை.

மொய்து கடைத்தெருவில் சொன்னாரா என்றால், சொன்னார். பார்த்ததைச் சொல்லவில்லை. கடிகாரத்தைத் தன் முன்னறையில் மாட்டிக்கொண்டார்; கேட்பவர்களிடம், கைப்பிடி இடப்பக்கம் இருப்பதற்குத் தனக்குக் காரணம் தெரியும் என்று ஆரம்பிப்பார். அதைக் கேட்டுத்தான், கார்னிஷ் துரை இடக்கைக்காரர், தன் கைக்கு ஏற்றபடி மிஷின் செய்துகொண்டார் என்று மட்டாஞ்சேரியில் இன்றும் ஒரு பேச்சு நடக்கிறது.

அது சரியல்ல. கார்னிஷ் வலக்கைக்காரர். இடக்கைக்காரர் பலவேசம் ஆசாரி.